ஐந்து பள்ளிகளைக் கடந்து…

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சாரா ராபர்ட்ஸ் என்றொரு சிறுமி இருந்தாள். வயது ஐந்து. தனக்கென்று குறிக்கப்பட்ட பள்ளியை அடைய அவள் ஐந்து பள்ளிகளைக் கடந்தாக வேண்டும். ஐந்தும் பொதுப்பணத்தில் நடந்தவை. அப்பணத்தில் அவள் இனத்தார் செலுத்திய வரியும் கலந்திருந்தது. எனினும் ஐந்து கதவுகளும் அவளுக்குத் திறக்கவில்லை. அவள் செய்த குற்றம் யாது? கருநிறத்தாளாய்ப் பிறந்ததுதான்!

இக்கொடுமையின் வரலாறு விந்தையானது. 1787இல் பிரின்ஸ் ஹால் முதலான கருநிறத்தார், "வரி செலுத்துகிறோம், எம் பிள்ளைகளுக்குக் கல்வி எங்கே?" என்று சட்டமன்றத்திடம் முறையிட்டனர். கேட்டவர்க்குக் கிட்டியது ஏமாற்றமே. 1798இல் பிரைமஸ் ஹால் என்பாரின் இல்லத்திலேயே பள்ளி தொடங்கினர். 1812 முதல் நகராட்சி ஆண்டுக்கு 200 டாலர் அளித்தது. அபியேல் ஸ்மித் எனும் வெள்ளை வணிகர் 1815இல் மறைந்தபோது விட்டுச்சென்ற கொடையும் சேர்ந்தது. 1835இல் அவர் பெயரால் தனிப்பள்ளி எழுந்தது.

பணம் வந்தது, கட்டடம் வந்தது, சமத்துவம் வந்ததா? இல்லை! வில்லியம் கூப்பர் நெல் எனும் மாணவன் 1829இல் தேர்வில் சிறந்து விளங்கினான். அத்தகைய வெள்ளை மாணவர்க்குப் பதக்கமும் விருந்தும். அவனுக்கோ ஒரு நூல் மட்டும். விருந்து மண்டபத்துள் அவன் நுழைந்தான், பரிமாறுவோரில் ஒருவனாக! அந்தச் சிறுவனே வளர்ந்து, தனிப்பள்ளியை ஒழிக்கும் கிளர்ச்சிக்குத் தலைமை ஏற்றான்.

சாராவின் தந்தை பெஞ்சமின் ராபர்ட்ஸ் அச்சுத் தொழிலர். 1848இல் நகராட்சி மீது வழக்குத் தொடுத்தார். கருநிற வழக்கறிஞர் ராபர்ட் மாரிசும் சார்லஸ் சம்னரும் 1849இல் வாதாடினர். பிரித்து வைப்பதே இழிவு. அது வெள்ளைக் குழந்தையின் உள்ளத்தையும் கெடுக்கும் என்றார் சம்னர். 1850இல் தலைமை நீதிபதி லெமுவேல் ஷா தீர்ப்பளித்தார்: பிரித்து வைக்கக் கல்விக் குழுவுக்கு அதிகாரம் உண்டு, வெறுப்பு சட்டத்தால் பிறந்ததன்று, சட்டத்தால் மாறுவதும் அரிது!

சட்டத்தால் மாறாதா? மக்கள் ஓயவில்லை. பிள்ளைகளைத் தனிப்பள்ளிக்கு அனுப்ப மறுத்தனர், விண்ணப்பங்களைக் குவித்தனர். 1855இல் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் நிறம் பார்த்துப் பிள்ளைகளை விலக்கலாகாது என்று சட்டம் இயற்றியது. பாஸ்டனில் தனிப்பள்ளி மூடப்பட்டது.

ஆனால் ஷாவின் தீர்ப்பு மடியவில்லை. 1896இல் பிளெஸ்ஸி வழக்கில் அமெரிக்கப் பெருமன்றம் அதனையே சான்றாய்க் காட்டி, 'பிரித்தாலும் சமமே' என்ற பொய்க்கு முடிசூட்டியது. பள்ளிகளில் அம்முடி சரிந்தது 1954இல், பிரவுன் வழக்கின் தீர்ப்பால். சாராவுக்கு மறுக்கப்பட்ட நீதி, நூறாண்டு கடந்து அவள் பேரப்பிள்ளைகளின் தலைமுறைக்குக் கிட்டியது!

பொதுப்பணத்தைத் தந்துவிட்டால் கடமை தீர்ந்தது என்பார் உளர். தந்த பணம் கதவைத் திறந்ததா, சுவரை எழுப்பியதா? அதைக் கேளுங்கள். ஐந்து வயதுச் சாராவின் வழக்கு கேட்டதும் அதைத்தான்.