தோல் தரச் சோதனை: கமலை வால் முதல் ஆய்வுக்கூடம் வரை

தோல் தரச் சோதனை என்பது, பச்சைத் தோல் பதனிடப்படும் ஒவ்வொரு கட்டத்திலும் அதன் நிலையை அறிவதும், முடிந்த தோல் எவ்வளவு இழுப்பையும் மடிப்பையும் நீரையும் தாங்கும் என்று அளப்பதும் ஆகும். இன்று இவ்வேலையை எந்திரங்கள் செய்கின்றன. எந்திரம் வருவதற்கு முன்பும் சோதனை இருந்தது. கை, கண், நாக்கு ஆகியவையே அப்போது கருவிகள். தமிழகத்தில் இந்த மாற்றம் நிகழ்ந்த வரலாறு, தோலின் தரம் பற்றிய தீர்ப்பை யார் சொல்வது என்ற கேள்வியோடும் பிணைந்தது.

கமலையும் தோலும்

நாங்குநேரி வட்டாரம் குளத்தையும் கிணற்றையும் நம்பி வேளாண்மை செய்த பகுதி. மின் இறைப்பான்கள் பரவும் வரை அங்கே தோட்டக்கால் கிணறுகளில் கமலைதான் ஓடியது. மாடுகள் சரிவில் இறங்கும்போது வடம் கூனையை மேலே இழுக்கும். கூனையின் அடியில் பொருத்திய தோல் குழாய் வழியே நீர் வாய்க்காலில் கொட்டும். இக்குழாயை வால் என்பர், சில ஊர்களில் தும்பி என்பர். கூனை இரும்புத் தகட்டுக்கு மாறிய பிறகும் வால் தோலாகவே இருந்தது. வளைந்து நெளிந்து ஏறி இறங்க வேறு பொருள் இல்லை.

ஒரு தோலுக்கு இதைவிடக் கடுமையான தேர்வு இருக்க முடியாது. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை நீரில் மூழ்க வேண்டும், ஒவ்வொரு முறையும் மடிய வேண்டும், மாலையில் வெயிலில் காய வேண்டும். வால் கிழிந்தால் இறைப்பு நின்றுவிடும், பயிர் வாடும். ஆகவே தோல் வாங்கும் உழவர் அதை மடக்கிப் பார்த்தார், மடிப்பில் வெடிப்பு ஓடுகிறதா என்று நகத்தால் கீறிப் பார்த்தார், இரு கையாலும் இழுத்துப் பார்த்தார். பின்னாளில் ஆய்வுக்கூடங்களில் நெகிழ்வுச் சோதனை, இழுவலிமைச் சோதனை என்று பெயர் பெற்றவை இவையே. அந்தத் தோலைப் பதப்படுத்தித் தைத்துக் கொடுத்தவர்கள் ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட அருந்ததியர் முதலிய மக்கள். நீர் இறைக்க அவர்கள் கைவேலை வேண்டும், அந்தக் கிணற்றுப் பக்கம் அவர்கள் வரக்கூடாது என்பதே அன்றைய ஊர் நியதி.

கண்ணும் கையும் நாக்கும்

தென்னாட்டுப் பதனிடுதலுக்கு அடிப்படை ஆவாரம்பட்டை. நாங்குநேரி போன்ற வறண்ட நிலங்களில் தானாக வளரும் செடி அது. அதன் பட்டையிலுள்ள துவர்ப்பொருள், தோலின் கொலாஜன் என்னும் புரத நாரோடு இணைந்து அதை அழுகாமல் காக்கிறது. ஆவாரை மட்டும் ஊட்டிய தோல் வெளிச்சத்தில் சிவந்துவிடும். ஆகவே கடைசியில் கடுக்காய்ச் சாறும், பின்னர் எண்ணெயும் ஊட்டினர்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சோதனை இருந்தது. உப்பிட்டு வந்த தோல் ஊறிவிட்டதா என்பதை, மடித்து அழுத்தும்போது எங்காவது விறைப்பாக நிற்கிறதா என்று பார்த்து அறிந்தனர். சுண்ணாம்புக் குழியில் கிடந்தது போதுமா என்பதற்குக் கட்டை விரலால் முடியைத் தள்ளினர். தடையின்றி வந்தால் போதும். சுண்ணாம்பு நீக்கி மென்மையாக்கிய தோலைப் பெருவிரலால் அழுத்தினால் விரல் தடம் பதிந்து நிற்க வேண்டும். தடம் நிற்காமல் மீண்டால் தோல் இன்னும் விறைப்பாக உள்ளது என்று பொருள். அளவு மீறினால் நார் தளர்ந்து தோல் வலுவிழக்கும். ஊறல் தொட்டியின் துவர்ப்பை நாக்கில் தொட்டும் பார்த்தனர். துவர் உள்ளே வரை சென்றதா என்பதற்குத் தோலின் தடித்த இடத்தில் ஒரு சிறு துண்டை வெட்டி, வெட்டு முகத்தைப் பார்த்தனர். நடுவில் வெளிறிய கோடு தெரிந்தால் உட்பகுதி இன்னும் பச்சையாகவே இருக்கிறது.

இந்தக் கடைசிச் சோதனை இன்றும் மாறவில்லை. வெட்டு முகத்தின் மேல் ஒரு சொட்டு வேதிப்பொருள் விடுவதுதான் புதிது. சுண்ணாம்பு நீக்கும் கட்டத்தில் பினாப்தலீன் விட்டால், காரம் தங்கிய இடம் இளஞ்சிவப்பாகும். தாவரப் பதனிடலில் துண்டை அசெட்டிக் அமிலத்தில் இட்டால், துவர் ஏறாத பகுதி உப்பிக் கண்ணாடி போல் தெரியும். பள்ளியில் பினாப்தலீனைப் பார்த்த மாணவர் எவரும் இதன் தருக்கத்தை உடனே புரிந்துகொள்வர்.

கைச் சோதனைக்கு விலையும் உண்டு. சுண்ணாம்பில் நாள்தோறும் கை வைத்தவர்களின் விரல்கள் வெந்து புண்ணாயின. திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளரின் அந்த வாழ்க்கையைத்தான் நெல்லை மாவட்டத்தில் பிறந்த டி. செல்வராஜ் ‘தோல்’ என்னும் நாவலாக எழுதினார். 2012இல் அதற்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது.

லண்டனில் சொல்லப்பட்ட தீர்ப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தின் பதனிட்ட தோல் பெருமளவில் கப்பலேறியது. வணிகத்தில் அதற்குக் ‘கிழக்கிந்தியத் தோல்’ என்று பெயர். தோல் மண்டிகளில் சுருக்கமாக ஈ.ஐ. என்பர். அங்கே தரம் பிரிப்பவர்கள் எடையையும் குறைகளையும் பார்த்து அடுக்கினர். உடைமுள் கிழித்த கீறல், மாட்டுக்கு நோய் தீர இட்ட சூட்டுக்குறி, உரிக்கும்போது விழுந்த கத்திக்காயம் என ஒவ்வொரு தழும்பும் விலையைக் குறைத்தது. ஆனால் முடிவான மதிப்பு லண்டன் சந்தையில்தான் சொல்லப்பட்டது.

அறிவியல் முறையில் அத்தோலின் மேல் விழுந்த முதல் பெரிய அடியும் அங்கிருந்தே வந்தது. நூலகங்களில் புத்தக அட்டைத் தோல்கள் செம்பொடியாக உதிர்வது ஏன் என்று ஆராய லண்டன் கலைக் கழகம் ஒரு குழுவை அமைத்தது. அதன் அறிக்கை 1901இல் வெளிவந்தது. ‘பாரசீகத் தோல்’ என்ற வணிகப் பெயரில் விற்கப்பட்ட கிழக்கிந்திய ஆட்டுத்தோல்கள் பத்தாண்டுகளுக்குள்ளேயே கெட்டுவிடக்கூடியவை என்று அது கூறியது. வெளிச்சத்தையும், அன்று அறைகளில் எரிந்த விளக்கு வாயுவின் புகையையும் ஆவாரை வகைத் துவர்ப்பொருள் தாங்குவதில்லை. சுமாக்கு இலையில் பதனிட்ட தோல் தாங்கியது.

தீர்ப்பு சரியே. ஆயினும் அது புத்தக அட்டைக்கான தீர்ப்பு. அதே தென்னாட்டுத் தோல் காலணிக்கு நன்றாகவே உழைத்தது. முதல் உலகப் போரின்போது, 1916இல், படைவீரர் காலணிகளின் மேற்பகுதிக்காகச் சென்னையின் பதனிட்ட மாட்டுத் தோலை அரசே எடுத்துக்கொண்டது. தரம் என்பது தோலுக்குள் மட்டும் இருப்பதன்று. அதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதிலும் இருக்கிறது. சோதனை முறைகள் எல்லாம் பின்னாளில் இந்த அடிப்படையில்தான் வகுக்கப்பட்டன.

சாட்டர்டனும் குரோம் தோலும்

சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன் கிணற்றுப் பாசனத்தை ஆழ்ந்து கற்றவர். நீர் இறைப்பைப் பற்றித் தனி நூலே எழுதியவர். பட்டையில் பதனிட்ட தோல் நீரில் கிடந்து துவர் கரைந்து அழுகுவதை அவர் கண்டார். நீர் இறைக்கும் தோலுக்கு வேறு பதனீடு வேண்டும் என்று 1903இல் சென்னையில் குரோம் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். குரோமியம் உப்பு கொலாஜன் நார்களுக்கு இடையே வலுவான பாலம் அமைப்பதால் நீர் அதை எளிதில் பிரிக்க முடியாது. இந்தியக் குரோம் தோல் தொழிலின் தொடக்கம் நாகரிகக் காலணிக்காக அன்று, உழவரின் கிணற்றுக்காக நிகழ்ந்தது என்பது பலர் அறியாத செய்தி. ஆனால் அரசே தொழிற்சாலை நடத்துவதை இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி 1910இல் ஏற்க மறுத்தார். அதன்பின் குரோம் முறை தனியார் கைகளில் மெதுவாகவே வளர்ந்தது.

குரோம் தோலோடு ஒரு புதிய சோதனையும் வந்தது. வெட்டிய துண்டைக் கொதிநீரில் மூன்று நிமிடம் இட்டு, சுருங்குகிறதா என்று பார்ப்பர். பச்சைத் தோல் ஏறத்தாழ 60 முதல் 65 டிகிரி செல்சியசில் சுருங்கிவிடும். தாவரப் பதனீட்டுத் தோல் 75 முதல் 85 டிகிரி வரை தாங்கும். நன்கு குரோம் ஏறிய தோல் 100 டிகிரியிலும் சுருங்காது. அளவுகோலும் அடுப்பும் இருந்தால் போதும். தோல் மண்டியில்கூட இதைச் செய்யலாம்.

அடையாறு

1948 ஏப்ரல் 24 அன்று சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. முதல் இயக்குநர் பி. எம். தாஸ். 1958இல் பொறுப்பேற்ற ஒய். நாயுடம்மா, ஆய்வுக்கூடத்துக்கும் தோல் ஷாப்புக்கும் இருந்த இடைவெளியைக் குறைத்தவர். ஆந்திர வேளாண் குடும்பத்தில் பிறந்து, பலர் முகம் சுளித்த தோல் தொழிலைப் படிப்பாகத் தேர்ந்தவர் அவர். 1985 ஜூன் 23 அன்று கனிஷ்கா விமானத் தகர்ப்பில் உயிரிழந்தார்.

தோல் ஏன் இழுப்பைத் தாங்குகிறது என்பதற்கான அடிப்படை விடையும் சென்னையிலேயே கிடைத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், கொலாஜன் மூன்று புரி முறுக்கிய கயிறு போன்றது என்று 1954இல் அறிவித்தனர். அதற்கு வேண்டிய கங்காரு வால் தசைநாரை அளித்தது அடையாறு நிறுவனமே.

எந்திரம் அளப்பது எப்படி?

ஒரே தோலில் முதுகின் பின்பகுதி இறுக்கமாகவும் வயிற்றுப் பகுதி தளர்ச்சியாகவும் இருக்கும். விரும்பிய இடத்தில் வெட்டினால் விரும்பிய விடை கிடைக்கும். இதனால் துண்டு வெட்டும் இடம் முதலிலேயே வரையறுக்கப்பட்டுள்ளது. முதுகெலும்புக்கு இணையாகவும் குறுக்காகவும் இரு திசைகளிலும் வெட்ட வேண்டும். அடுத்து, துண்டுகளைக் குறித்த வெப்பநிலையிலும் ஈரப்பதத்திலும் வைத்திருக்க வேண்டும். 23 டிகிரியும் 50 விழுக்காடும், அல்லது 20 டிகிரியும் 65 விழுக்காடும் அனைத்துலக வழக்கம். ஐப்பசி மழையில் அளந்த தோலையும் சித்திரை வெயிலில் அளந்த தோலையும் ஒப்பிட வேறு வழியில்லை.

இழுவலிமைக்கு, நடுவில் ஒடுங்கிய துண்டை எந்திரத்தின் இரு தாடைகளில் கவ்வி, நிமிடத்துக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் இழுப்பர். துண்டு 10 மில்லிமீட்டர் அகலமும் 2 மில்லிமீட்டர் தடிப்பும் உடையது என்று கொள்வோம். குறுக்குவெட்டு 20 சதுர மில்லிமீட்டர். அது 400 நியூட்டன் விசையில் அறுந்தால் இழுவலிமை சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன். அறுவதற்கு முன் எவ்வளவு நீண்டது என்பதையும் குறித்துக்கொள்வர். கிழிவலிமைக்குத் துண்டின் நடுவில் பிளவிட்டு, அதில் கொக்கிகளை மாட்டி எதிரெதிரே இழுப்பர். தையல் துளையிலிருந்து கிழியும் செருப்புக்கு இழுவலிமையைவிட இதுவே பொருத்தமான அளவு.

காலணித் தொழிலுக்கு முக்கியமானது குண்டுச் சோதனை. வட்டமாக இறுக்கிய தோலின் உட்புறத்திலிருந்து ஒரு சிறு எஃகுக் குண்டு மேலே தள்ளும். காலணியின் முனையை அச்சில் இழுத்து மாட்டும்போது தோல் படும் பாடு இது. மேற்புறம் வெடிப்பதற்கு முன் குறைந்தது 7 மில்லிமீட்டர் உப்ப வேண்டும் என்று பொதுவாகக் கேட்பர். நெகிழ்வு எந்திரமோ துண்டை ஆயிரக்கணக்கான முறை மடித்து விரிக்கிறது. கமலை வால் கிணற்றில் செய்ததை இது அறைக்குள் செய்கிறது.

இந்தியாவில் இம்முறைகளுக்கான தர ஆவணங்கள் 1970 வாக்கில் வெளிவந்தன. அவற்றின் தேவையை உண்மையில் உணர்த்தியது வேறொன்று. 1970களின் தொடக்கத்தில், பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை இந்திய அரசு கட்டுப்படுத்தியது. முடிந்த தோலும் காலணியும் உள்நாட்டிலேயே உருவாக வேண்டும் என்பது நோக்கம். அதுவரை ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் பதனீட்டாளர்கள் தோலை அனுப்பிவிட்டால் இறுதிச் சோதனை வாங்குபவரின் கவலை. அதன்பின் எண்களைத் தாங்களே சொல்ல வேண்டியதாயிற்று.

வலிமைக்கு அப்பால்

1989இன் இறுதியில் ஜெர்மனி, பூஞ்சை பிடிக்காமல் இருக்கத் தோலில் இடப்பட்ட பென்டாகுளோரோபீனாலைத் தடை செய்தது. கிலோகிராமுக்கு 5 மில்லிகிராம் என்பதே எல்லை. இழுவலிமையில் குறையற்ற தோல்களும் இதனால் ஏற்க முடியாதவை ஆயின. 1994இல் சில அசோ சாயங்களும் அதே நாட்டில் தடைக்குள்ளாயின. 2015 மே முதல் ஐரோப்பிய ஒன்றியம், உடலில் படும் தோல் பொருள்களில் ஆறிணைதிறக் குரோமியத்துக்குக் கிலோகிராமுக்கு 3 மில்லிகிராம் என்று எல்லை வகுத்தது. பதனிடப் பயன்படுவது மூவிணைதிறக் குரோமியம். அது அவ்வளவு தீங்கானதன்று. ஆனால் தோலில் ஊட்டிய எண்ணெயின் தன்மை, வெப்பம், வறட்சி ஆகியவற்றால் அதில் ஒரு பகுதி ஆறிணைதிறமாக மாறக்கூடும். அனுப்பும்போது தேறிய தோல் கப்பல் பெட்டிக்குள் தவறலாம். ஆகவே துண்டை 80 டிகிரியில் ஒரு நாள் சூடேற்றி, அதன் பிறகு அளக்கும் முறையும் வந்தது.

இந்த அளவுகளை எந்தக் கையும் நாக்கும் சொல்ல இயலா. ஆனால் தோலின் மென்மைக்கும் நிரவலுக்கும் இன்னும் தரம் பிரிப்பவரின் கைதான் முதல் அளவுகோல். மென்மையை அளக்க ஒரு சிறு அழுத்தக் கருவி இருக்கிறது. அது காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகும், வடக்குப் பார்த்த சன்னல் வெளிச்சத்தில் மேசை மேல் தோலை விரித்து, ஒரு முறை உள்ளங்கையால் தடவிய பின்னரே அதை எந்த அடுக்கில் வைப்பது என்று முடிவு செய்கின்றனர்.