துலாவும் தராசும்



தமிழிலே 'துலா' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் நீண்ட மரமும் துலாதான். பண்டத்தை நிறுக்கும் தராசும் துலாதான். ஒன்று தோட்டக்காரனின் கருவி, மற்றது வணிகனின் கருவி. ஆனால் இரண்டும் ஓர் அச்சிலே பொருத்தப்பட்டுத் திரும்பும் கோல்களே என்பதை அந்தப் பெயர் ஒன்றே சொல்லிவிடுகிறது. அந்தக் கோலின் வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஒலுவில் எனது ஊர். கடலோர மணற்பூமி. தண்ணீர் ஆழத்தில் இல்லை. எனது சிறு பராயத்தில் வளவுக் கிணறுகளில் துலாக்கள் நின்றன. கவர்விட்ட ஆடுகால் ஒன்று, அதன் குறுக்கே ஓர் அச்சு, அச்சின் மேலே மரம், மரத்தின் நுனியிலே கயிறும் வாளியும், அடியிலே கட்டிய கல். இவ்வளவுதான் அந்த இயந்திரம். அடியிலே எவ்வளவு கல் கட்டவேண்டுமென்று வாப்பா எந்தப் புத்தகத்தையும் பார்த்ததில்லை. கல்லைக் கட்டுவார், வாளியை இறக்கிப் பார்ப்பார், ஒரு கல்லைக் கூட்டுவார் அல்லது குறைப்பார். அவருடைய தோள்தான் அவருக்குக் கணக்குச் சொன்னது.

அந்தக் கணக்கை நாம் இப்போது எழுதிப் பார்ப்போம். மரத்தின் நீளம் 5 மீற்றர். அச்சு அடியிலிருந்து 1 மீற்றர் தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நுனி அச்சிலிருந்து 4 மீற்றர். வெறும் வாளி 2 கிலோ, நீர் நிறைந்தால் 12 கிலோ. பாரத்தைத் தூரத்தால் பெருக்கி வருவதே திருப்பம். நிறைந்த வாளியின் திருப்பம் 48. வெறும் வாளியின் திருப்பம் 8. நிறைந்த வாளியைச் சமன்செய்யுமளவுக்குக் கல் கட்டினால், வெறும் வாளியைக் கிணற்றுக்குள் இறக்குவதற்குப் பெரும்பாடு படவேண்டும். ஆகவே இரண்டுக்கும் நடுவே 28 என்று நிறுத்துகிறார்கள். அப்போது இறக்கும்போதும் 5 கிலோ, ஏற்றும்போதும் 5 கிலோ. இறக்கும்போது மனிதன் தன் உடற்பாரத்தைக் கயிற்றிலே போடுகிறான். அந்த உழைப்பு மேலெழுந்த கல்லிலே சேமிக்கப்பட்டு, வாளி ஏறும்போது திரும்பக் கிடைக்கிறது. உழைப்பு குறையவில்லை, இரண்டாகப் பங்கிடப்பட்டது.

இது நம்மூருக்கு மட்டும் உரிய அறிவன்று. தமிழகத்திலே இதனை ஏற்றம் என்றார்கள். யாழ்ப்பாணத்திலே ஆட்கள் துலாவின் மேலேயே ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதித்தார்கள். கல்லுக்குப் பதிலாக நடமாடும் மனிதப் பாரம்! எகிப்திலே இதன் பெயர் ஷாதூப். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லறைச் சுவர் ஓவியங்களிலே தோட்டக்காரர்கள் இதே கோலைப் பிடித்து நிற்கிறார்கள்.

ஆனால் மேலே சொன்ன கணக்கிலே ஒன்றை விட்டுவிட்டோம். மரத்துக்கும் பாரம் உண்டல்லவா? அதை எங்கே சேர்ப்பது? கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டிலேயே நெம்புகோலின் விதியை நிறுவியிருந்தார். எனினும் கோலின் சொந்தப் பாரத்தை எப்படிக் கணக்கிலெடுப்பது என்ற கேள்வியை எடுத்து ஆராய்ந்த அரபு நூல் ஒன்று உண்டு. ஹர்ரானிலே பிறந்து, பக்தாதிலே வாழ்ந்து, 901ஆம் ஆண்டு மறைந்த தாபித் இப்னு குர்ராவின் நூல் அது. ஒரு கை நீண்டும் மறு கை குறுகியும் உள்ள தூக்குக்கோலுக்கு அக்காலத்தில் கரஸ்தூன் என்று பெயர். அதைப் பற்றி எழுதிய தாபித், சீரான கோற்பகுதியின் பாரம் முழுவதையும் அதன் நடுப்புள்ளியிலே தொங்கவிட்டதாகக் கொள்ளலாம் என்று நிறுவினார். பன்னிரண்டாம் நூற்றாண்டிலே தொலீடோ நகரில் கிரெமோனா ஊர் ஜெரார்ட் இதனை இலத்தீனுக்குக் கொண்டு சென்றார். ஐரோப்பிய மாணவர்கள் அதிலே படித்தார்கள்.

நமது துலாவுக்கு வருவோம். மரம் 12 கிலோ என்றும் சீரானது என்றும் கொண்டால், அதன் நடுப்புள்ளி அச்சிலிருந்து ஒன்றரை மீற்றர் தூரத்தில், வாளிப் பக்கமாக இருக்கும். அதனால் இன்னொரு 18 சேர்கிறது. கல் 28 கிலோ போதாது. 46 கிலோ வேண்டும். மரத்தின் பருத்த அடியைக் கல்லின் பக்கமாகவும் மெல்லிய நுனியை வாளியின் பக்கமாகவும் வைத்தார்களே, அதன் காரணமும் இதுதான். மரம் தானே கல்லின் வேலையில் ஒரு பங்கைச் செய்துவிடுகிறது.

நேயர்களே, தராசு வெறும் கணக்கல்ல, அது நீதியுமாகும். இதைச் சொல்லும் ஒரு துயரக் கதை உண்டு. ஸல்ஜூக்கியர் ஆட்சிக் காலத்திலே, உமர் கையாமின் காலத்தவரான அல் இஸ்பிஸாரீ என்ற அறிஞர், பொன்னிலே கலப்படம் இருந்தால் காட்டிக்கொடுக்கும் தராசொன்றை நெடுங்காலம் பாடுபட்டுச் செய்தார். சுல்தானின் களஞ்சியப் பொறுப்பாளனுக்கு அச்சம் பிடித்துக்கொண்டது. தனது மோசடி வெளிப்பட்டுவிடும் என்று எண்ணி அத்தராசை அவன் உடைத்தெறிந்தான். அந்த வேதனையிலேயே இஸ்பிஸாரீ நோயுற்று மறைந்தார் என்று அந்த நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் பைஹகீ எழுதி வைத்திருக்கிறார்.

கோல் உடைந்தது, அறிவு உடையவில்லை. மர்வ் நகரிலே அடிமையாயிருந்து, எசமானனால் கல்வி ஊட்டப்பட்டு உயர்ந்த அல் காஸினீ அந்தப் பணியைத் தொடர்ந்தார். ஹிஜ்ரி 515, அதாவது 1121-22ஆம் ஆண்டளவில், சுல்தான் ஸன்ஜருக்காக அவர் எழுதிய நூலின் பெயர் 'மீஸானுல் ஹிக்மா'. ஞானத்தின் தராசு என்பது பொருள். அவருடைய தராசின் கோல் ஏறத்தாழ 2 மீற்றர் நீளமானது, தட்டுகள் ஐந்து. பொருளைக் காற்றிலும் நீரிலும் நிறுத்து, தூய பொன்னையும் கலப்புப் பொன்னையும் அது பிரித்துக் காட்டியது. கோலை அச்சிலே எங்கே பொருத்துவது, நடுப்புள்ளிக்கு மேலேயா கீழேயா என்பதையும் அந்நூல் ஆராய்கிறது. அச்சு மேலே இருந்தால் சாய்ந்த கோல் தானே சமநிலைக்குத் திரும்பும்; கீழே இருந்தால் கவிழ்ந்துவிடும். தராசைச் செய்கிறவன் கையிலேதான் அதன் நேர்மை தொடங்குகிறது.

இவையெல்லாம் கோல் அசையாமல் நிற்கும் கணக்கு. அசையும் கோலின் கணக்குக்கு மனிதகுலம் இன்னும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது. 1673இல் ஒல்லாந்து நாட்டு அறிஞர் ஹைகன்ஸ், ஊசற் கடிகாரம் பற்றிய தமது நூலை வெளியிட்டார். ஒரு முனையிலே தொங்கும் சீரான கோல், அதன் நீளத்தில் மூன்றிலிரண்டு பங்கு நீளமான நூலிலே கட்டிய குண்டுபோல ஆடும் என்பது அவருடைய முறையிலிருந்து கிடைக்கும் முடிபு. பாடசாலை மீற்றர்க் கோலை ஆணியிலே தொங்கவிட்டு, பக்கத்திலே 67 சென்ரிமீற்றர் நூலிலே ஒரு சிறு கல்லைக் கட்டி ஆட்டிப் பாருங்கள். இரண்டும் சோடியாக ஆடும்.

1765இல் ஒயிலர், திண்மங்களின் அசைவு பற்றிய தமது நூலிலே சடத்துவத் திருப்பம் என்ற எண்ணத்துக்குப் பெயரும் இலக்கணமும் வகுத்தார். பாரத்தின் திருப்பத்திலே தூரம் ஒருமுறை பெருகும். சடத்துவத் திருப்பத்திலே தூரம் இருமுறை பெருகும். நமது துலாவிலே 12 கிலோ வாளி 4 மீற்றர் தூரத்திலிருந்து தருவது 192. 46 கிலோ கல் 1 மீற்றர் தூரத்திலிருந்து தருவது வெறும் 46. துலாவை வெடுக்கென்று இழுக்காதே, நிதானமாக இழு என்று பெரியவர்கள் அதட்டியதன் உட்பொருள் இந்த எண்களிலே கிடக்கிறது.

இதே கணக்கு இன்னொரு விந்தையையும் காட்டும். ஒரு முனையைச் சுழலும்படி பிடித்து, மீற்றர்க் கோலைக் கிடையாக வைத்து விட்டால், நுனியின் ஆர்முடுகல் புவியீர்ப்பின் ஒன்றரை மடங்கு! கோலின் மீது காசுகளை அடுக்கிவிட்டுப் பாருங்கள். மூன்றிலிரண்டு பங்குக்கு அப்பாலுள்ள காசுகளைக் கோல் பின்னே விட்டுவிட்டு விழும். ஹைகன்ஸின் அதே மூன்றிலிரண்டு.

1995இல் அட்டாளைச்சேனையிலே பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் முழுமை பெற்ற தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலிலே நிற்கிறது. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலே. க.பொ.த. உயர்தரம் படிக்கும் நமது பிள்ளைகள் திணிவு, நீளத்தின் வர்க்கம், மூன்றிலொன்று என்று சூத்திரத்தை மனனம் செய்கிறார்கள். ஆனால் மின்பம்பி வந்தபின் வளவுகளிலிருந்து துலா மறைந்துவிட்டது. சூத்திரம் கைக்கு வந்த நேரத்திலே கோல் கண்ணிலிருந்து போய்விட்டது. அதனால் இவ்விதி எங்கோ தூர தேசத்திலே பிறந்து நம்மீது சுமத்தப்பட்ட பாடம் என்று பிள்ளை நினைக்கிறது.

அது தவறு. பக்தாதும் மர்வும் தொலீடோவும் நமது வளவுக் கிணறும் சேர்ந்து தூக்கிய பாரம் அது. இந்தப் பிரதேசத்துப் பாடசாலை ஒவ்வொன்றும் தன் முற்றத்திலே ஒரு துலாவை நாட்டட்டும். செலவு பெரிதில்லை: ஓர் ஆடுகால், ஒரு மரம், சில கற்கள். எவ்வளவு கல் என்பதைப் பிள்ளைகள் முதலில் தாளிலே கணக்கிடட்டும். பிறகு கயிற்றைப் பிடித்துத் தோளாலே சரிபார்க்கட்டும்.