ஒரு வினைச்சொல்லின் விலை: வங்காள வேதாகமமும் பாப்டிஸ்ட் சபையும்

திருச்சபை வரலாற்றை மொழியியல் மாணவர்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. தொட்டால், மொழிபெயர்ப்புக் கோட்பாட்டு வகுப்பில் நாம் கற்பனை எடுத்துக்காட்டுகளை வைத்து விவாதிக்கும் சிக்கல்கள் அங்கே பணமாகவும் பகையாகவும் அமைப்புப் பிளவாகவும் நிகழ்ந்திருப்பதைக் காணலாம். அவற்றுள் ஒன்றைப் பற்றியது இப்பதிவு. சற்று நீளமானது, பொறுத்தருள்க.

1800ஆம் ஆண்டு டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள செராம்பூர் அப்போது டேனியரின் ஆளுகையில் இருந்தது. (நம் தரங்கம்பாடியும் அதே கொடியின்கீழ்தான் இருந்தது, 1845இல் இரண்டும் சேர்ந்தே ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டன.) கும்பினி ஆட்சி மிஷனரிகளை விரும்பாததால், வில்லியம் கேரி, ஜோஷுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு மூவரும் இங்கே தங்கியிருந்தனர். அன்று கேரி தம் மகன் பீலிக்ஸையும், அவருக்குப் பின் கிருஷ்ண பால் என்ற தச்சரையும் ஆற்றில் முழுக்கி எடுத்தார். சில வாரங்களுக்கு முன் தோள் பிசகிய கிருஷ்ண பாலுக்கு மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சிகிச்சை அளித்ததே தொடர்பின் தொடக்கம். முழுக்குக்குச் சில நாள் முன்னர் அவர் மிஷனரிகளுடன் ஒரே பந்தியில் உண்டார். ஊர் திரண்டு எதிர்த்ததற்கு உடனடிக் காரணம் ஆற்றில் இறங்கியதன்று, அந்தப் பந்திதான். உடன் ஞானஸ்நானம் பெற இருந்தவர்களுள் சிலர் அன்று பின்வாங்கினர்.

கூடியிருந்தவர்களிடம் கேரி வங்க மொழியில் ஒன்றைத் தெளிவுபடுத்தினார்: இந்த ஆறு எங்களுக்குப் புனிதமன்று, இது வெறும் நீர். இதை அவர் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. ஹூக்ளி கங்கையின் கிளை. அதில் முழுகி எழுவது அங்கே நாள்தோறும் நடப்பது. கண்ணுக்குத் தெரியும் செயல் ஒன்றே, பொருள் மட்டும் வேறு என்று காட்ட வேண்டிய நெருக்கடி அது. சொல்லைத் தேர்ந்தெடுப்பதிலும் அந்நெருக்கடி தொடர்ந்தது.

பாப்டிஸ்ட் சபையின் அடிப்படை நம்பிக்கையை இங்கே சொல்லிவிட வேண்டும். தானே அறிந்து விசுவாசத்தை அறிக்கையிடுபவருக்கு மட்டுமே ஞானஸ்நானம், குழந்தைக்கு இல்லை. அதுவும் தெளிப்பன்று, முழுக்கு. இதிலிருந்தே அவர்களின் ஆட்சிமுறையும் கிளைக்கிறது. பிறப்பால் எவரும் உறுப்பினர் ஆவதில்லை. வர விரும்புபவர் சபையார் முன் நின்று தம் அனுபவத்தைச் சொல்கிறார், சபை கேட்டு ஏற்கிறது. மேலே ஆயர் இல்லை. போதகரைத் தெரிவதும் உறுப்பினரை விலக்குவதும் அந்தந்தச் சபையின் உரிமை. கோட்பாட்டளவில் ஒரு தச்சரின் வாக்கும் கேரியின் வாக்கும் சமம். நடைமுறையில் அச்சகமும் பணமும் மிஷனரிகளின் கையில் இருந்தன என்பதையும் மறக்கலாகாது. எனினும் 1805இல் அவர்கள் எழுதிக்கொண்ட உடன்படிக்கை, இந்தியச் சபைகளுக்கு இந்தியப் போதகர்களே வேண்டும் என்கிறது. மதம் மாறியவர்கள் தம் பெயரை மாற்ற வேண்டியதில்லை என்றும் கூறுகிறது. கிருஷ்ண பால் இறுதிவரை கிருஷ்ண பாலாகவே இருந்தார்.

இனிச் சொல்லுக்கு வருவோம். கிரேக்க மூலத்தில் உள்ள வினை 'பாப்டிட்ஸோ'. 1801இல் வெளிவந்த வங்காளப் புதிய ஏற்பாட்டில் கேரி அதற்கு மூழ்குதலைக் குறிக்கும் சொல்லையே இட்டார். பாப்டிஸ்ட் ஒருவருக்கு அது கொள்கைப் பிடிவாதமாகப் படவில்லை, வெறும் அகராதிப் பொருளாகவே பட்டது. பிரிட்டிஷ் அயல்நாட்டு வேதாகமச் சங்கம் செராம்பூர் மொழிபெயர்ப்புகளுக்குப் பல ஆண்டுகள் பொருளுதவி செய்தது. ஆனால் 1813இல் கும்பினியின் பட்டயம் திருத்தப்பட்டு மிஷன்களுக்கு வழி திறந்தபின், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் அளிக்கும் சபையினரும் வங்காளத்தில் பெருகினர். எல்லாருக்கும் பொதுவான வேதாகமத்தில் 'முழுக்கு' என்று அச்சிட்டிருந்தால், தெளிக்கும் போதகர் எதைக் காட்டித் தெளிப்பார்?

1833இல் லண்டன் சங்கம் ஒரு நிபந்தனை விதித்தது: கிரேக்கச் சொல்லை ஒலிபெயர்த்துப் போடுங்கள், அல்லது பிற சபைகள் ஆட்சேபிக்காத சொல்லை இடுங்கள், இன்றேல் உதவி இல்லை. கல்கத்தாவில் புதிய மொழிபெயர்ப்பில் ஈடுபட்டிருந்த வில்லியம் யேட்ஸும் அச்சகத்தார் பியர்ஸும் அமெரிக்க வேதாகமச் சங்கத்தை அணுகினர். 1836இல் அங்கும் கதவு மூடியது. அதன் விளைவாக அமெரிக்கப் பாப்டிஸ்டுகள் பிரிந்து அதே ஆண்டில் தனிச் சங்கம் நிறுவினர். இங்கிலாந்துப் பாப்டிஸ்டுகள் 1840இல் வேதாகம மொழிபெயர்ப்புச் சங்கத்தைத் தொடங்கினர். வங்காளி ஒருவர் எந்த வினையைப் படிக்க வேண்டும் என்ற கேள்வி இரண்டு கண்டங்களில் இரண்டு அமைப்புகளைப் பிறப்பித்தது. அந்த விவாதத்தில் வங்காளி வாசகரிடம் கேட்டவர் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒலிபெயர்ப்பே நடுநிலை என்ற வாதம் அன்று நியாயமானதாகத் தோன்றியது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பொருள் விளங்காத சொல்லைத் தந்தால், அதன் பொருளைப் போதகர் சொல்லித்தான் அறிய வேண்டும். ஒவ்வொருவரும் வேதத்தைத் தாமே படித்து முடிவு செய்வதை நம்பிய சபைக்கு இது சிறு இழப்பன்று. ஆங்கிலத்திலும் இதே கதைதான். 1611 மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தரப்பட்ட விதிகளில் ஒன்று, பழைய திருச்சபைச் சொற்களை மாற்றக் கூடாது, குறிப்பாகத் 'திருச்சபை' என்பதைக் 'கூட்டம்' என்று பெயர்க்கக் கூடாது என்றது. சொல் மாறினால் ஆயரின் இருக்கை ஆடும் என்பதை ஆட்சியாளர் அறிந்திருந்தனர்.

அதேவேளை பாப்டிஸ்டுகளின் அகராதி வாதமும் ஓட்டையற்றதன்று. நாகமான் யோர்தானில் ஏழு முறை முழுகியதற்குக் கிரேக்கப் பழைய ஏற்பாடு இதே வினையைப் பயன்படுத்துகிறது. அது அவர்களுக்குச் சாதகம். ஆனால் லூக்கா 11:38இல், உண்ணுமுன் இயேசு கழுவிக்கொள்ளவில்லை என்று பரிசேயர் வியக்கும் இடத்திலும் அதே வினைதான் வருகிறது. அங்கே உடல் முழுதும் முழுகுவது என்று பொருள் கொள்வது கடினம்.

தமிழில் இச்சண்டை இவ்வளவு கூர்மை பெறாததற்கு மொழியே ஒரு காரணம் என்று கருதுகிறேன். 'ஞானஸ்நானம்' குளிப்பை மட்டும் சொல்லி, எவ்வாறு என்பதை விட்டுவிடுகிறது. கேரி ஆற்றங்கரையில் விலக்க முயன்ற ஸ்நானத்தையே தமிழ் மிஷனரிகள் 'ஞானம்' என்ற அடை சேர்த்து ஏற்றுக்கொண்டது தனிச் சுவை. பின்னர் வந்த 'திருமுழுக்கு' வெளித்தோற்றத்தில் பாப்டிஸ்ட் சொல். ஆயினும் 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பின் வழி, நீர் ஊற்றும் கத்தோலிக்கரும் அதையே வழங்குகின்றனர். முரண் ஏதுமில்லை: குடமுழுக்கில் எதுவும் முழுகுவதில்லை, கலசத்து நீர் மேலிருந்து ஊற்றப்படுகிறது. முழுகுவதற்கும் ஊற்றுவதற்கும் ஒரே பெயரைத் தமிழ் முன்பே வைத்திருந்தது.

பர்மாவில் நிலைமை நேர் எதிர். ஜட்சனின் வேதாகமம் மூழ்குதல் என்றே பெயர்த்தது. இன்றும் அங்குள்ள பாப்டிஸ்டுகள் அந்தப் பர்மியச் சொல்லாலேயே தம்மை அழைத்துக்கொள்கின்றனர். வங்காளத்திலோ ஒலிபெயர்ப்பே வென்றது. இன்றைய வங்க வேதாகமத்தில் காண்பது 'பாப்திஸ்ம'.

1970 நவம்பர் 29 அன்று நாகபுரியில் வட இந்தியத் திருச்சபை உருவானபோது, ஆங்கிலிக்கரோடும் பிறரோடும் பாப்டிஸ்ட் சபைகள் பலவும் அதில் இணைந்தன. வடகிழக்கின் பெரிய பாப்டிஸ்ட் சபைகள் விலகி நின்றன. 1947இன் தென்னிந்தியத் திருச்சபை இச்சிக்கலைச் சந்திக்க நேரவில்லை. அந்த இணைப்பில் பாப்டிஸ்டுகள் இல்லை. வடக்கில் குழந்தை ஞானஸ்நானமும் விசுவாசிகளின் ஞானஸ்நானமும் ஒரே திருச்சபைக்குள் இரு மாற்று முறைகளாக ஏற்கப்பட்டன. ஆயர் ஆட்சியை ஏற்காத மரபிலிருந்து வந்தவர்கள் ஆயரை ஏற்றனர்; குழந்தைகளுக்கு அளித்து வந்தவர்கள், அதை மறுப்பவரும் உடன் அமர்வதை ஏற்றனர்.

இது பற்றி வங்க மூலங்களைப் படித்தவர்கள் எவரேனும் இங்கிருந்தால் எழுதுங்கள். முழுகியெழுந்தவர்கள் தமக்குள் அச்செயலை எந்தச் சொல்லால் குறித்தனர் என்பதுதான் நான் தேடிக்கொண்டிருப்பது.