மிங்கலாடோனில் புதையாத விமானங்கள்

2013 தை மாதம். மியன்மாரில் ரங்கூன் சர்வதேச விமான நிலையம் இருக்கும் மிங்கலாடோனில் ஒரு கூட்டம் வந்து இறங்கியது. தொல்லியல் ஆட்கள், மண்ணுக்குள் இரும்பு தேடும் கருவிக்காரர், படப்பிடிப்புக்காரர், அவர்களோடு 91 வயதுக் கிழவர் ஒருவர். அவர்கள் தேடி வந்தது பொன்னோ இரத்தினமோ அல்ல. ஆகாய விமானங்கள்! அதுவும் ஒன்றிரண்டு அல்ல, பல டசின்.

கதையின் நாயகன் டேவிட் கண்டால் என்ற ஆங்கிலேயக் கமக்காரர். லிங்கன்சயர் பக்கம் தோட்டம் செய்பவர். பழைய விமானங்கள் விழுந்த இடங்களைத் தேடித் தோண்டுவது அவருடைய பொழுதுபோக்கு. 1996 அளவில் அவருடைய காதில் ஒரு செய்தி விழுந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்த நேரத்தில் பர்மாவில் புத்தம்புது ஸ்பிற்பயர் விமானங்களைப் பெட்டியோடு மண்ணுக்குள் தாட்டுவிட்டார்கள் என்று பழைய அமெரிக்கச் சிப்பாய்கள் சிலர் சொன்னார்களாம். அன்றிலிருந்து மனுசன் நித்திரை கொள்ளவில்லை.

ஸ்பிற்பயர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1940 இல் ஹிட்லரின் விமானப்படையை இங்கிலாந்து வானத்தில் எதிர்த்து நின்ற சண்டை விமானம். மொத்தம் இருபதாயிரத்துக்கு மேல் செய்தார்கள். போர் முடிந்ததும் பெரும்பாலானவை பழைய இரும்பாகப் போய்விட்டன. இன்றைக்குப் பறக்கக்கூடிய ஒன்றின் விலை பத்து இலட்சம் பவுணுக்கு மேல். அப்படியானது மெழுகுத்தாள் சுற்றி, பெட்டிக்குள் பழுதில்லாமல் டசின் கணக்கில் கிடக்கிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

கண்டால் பதினைந்து வருடத்துக்கு மேல் அலைந்தார். சொந்தப் பணத்தைக் கொட்டினார். இராணுவ ஆட்சி அசைந்து கொடுக்கவில்லை. 2012 சித்திரையில் பிரித்தானியப் பிரதமர் டேவிட் கமரூன் மியன்மார் போனபோது, ஜனாதிபதி தெய்ன் செய்னோடு பேசிய விடயங்களில் இந்த ஸ்பிற்பயரும் ஒன்று! அந்த ஐப்பசியில் ஒப்பந்தமும் கையெழுத்தானது. கிடைப்பதில் பாதி மியன்மார் அரசுக்கு, 30 வீதம் கண்டாலுக்கு, 20 வீதம் உள்ளூர்ப் பங்காளிக்கு. கிடங்கு வெட்ட முதலே பங்கு பிரித்தாயிற்று. செலவை ஏற்றுக்கொண்டது வார்கேமிங் என்ற கணினி விளையாட்டு நிறுவனம். பெலாரஸ் நாட்டில் தொடங்கிய நிறுவனம் அது.

அந்த 91 வயதுக் கிழவர்தான் முக்கியமான சாட்சி. பெயர் ஸ்டான்லி கூம்ப். போர் முடிந்த கையோடு ரங்கூனில் சிப்பாயாக இருந்தவர். மிங்கலாடோன் விமானத்தளத்தில் பெரிய பெரிய மரப்பெட்டிகளை நிலத்துக்குள் இறக்குவதைத் தன் கண்ணால் கண்டேன் என்று சொன்னார். பொய் சொல்லிக் காசு பார்க்க வந்தவரில்லை. கண்டதாக அவர் உண்மையாகவே நம்பினார்.

தோண்டினார்கள். வடக்கே மிச்சினாவில் ஒரு பெட்டி தென்பட்டது என்று பத்திரிகைகள் துள்ளின. கமராவை உள்ளே விட்டுப் பார்த்தால் கலங்கல் தண்ணீர். மிங்கலாடோனில் கிடைத்தவை மின்கம்பிகளும் தண்ணீர்க் குழாய்களும். ஒரு ஸ்பிற்பயரின் ஆணிகூட இல்லை. அடுத்த மாதமே வார்கேமிங் அறிக்கை விட்டது: அங்கே விமானம் புதைக்கப்படவே இல்லை.

அதைச் சொல்ல உதவியது மண்ணை விடக் கடதாசி. ரங்கூன் துறைமுகத்தில் சரக்கு இறக்கிய விமானப்படைப் பிரிவின் பதிவுகள் இலண்டன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருந்தன. 1945, 46 இல் மூன்று கப்பல்களில் மொத்தம் 37 விமானங்கள்தான் மிங்கலாடோனுக்குப் பெட்டியில் வந்து போயிருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட ஸ்பிற்பயர் இல்லை. பெரும்பாலானவை 1946 இலேயே திரும்ப அனுப்பப்பட்டதாகத் தெரிகிறது. அது போக, உடைந்து கிடந்த துறைமுகம், கொட்டுகிற மழைக்காலம், இயந்திரம் இல்லை, பலகை இல்லை. இந்த நிலையில் முப்பது அடிக்கு மேல் கிடங்கு வெட்டிப் பெட்டி இறக்க யாருக்கு முடியும்?

ஆக, பெட்டி உண்மை. விமானமும் உண்மை. புதைத்ததும் ஸ்பிற்பயரும்தான் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. கண்டால் இதை ஏற்கவில்லை. வேறு ஆட்களின் உதவியோடு பிறகும் தோண்டிப் பார்த்தார். பலன் ஒன்றுதான்.

இதை வாசித்த பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் இருக்கிறது.

1995 இல் வலிகாமத்தில் சண்டை கிட்ட வரத் தொடங்கியபோது அப்பாவும் எங்கள் வளவுக்குள் ஒரு கிடங்கு வெட்டினார். அம்மாவின் தையல் மெசினுக்கு எண்ணெய் பூசி, பொலித்தீன் சுற்றி, யூரியா பையில் போட்டு, இரண்டு பித்தளைச் செம்போடு தாட்டார். ஒக்டோபர் 30 இரவு எல்லோரும் தென்மராட்சிப் பக்கம் நடந்தோம். வளவைத் திரும்பப் பார்க்கப் பல வருடம் எடுத்தது. தங்கச்சி போய் நின்று எனக்குத் தொலைபேசி எடுத்தாள். வேலி இல்லை, மாமரம் இல்லை, எங்கே வெட்டுவது என்று கேட்டாள். "கிணத்தடியில இருந்து பத்து அடி, மாமரத்துக்கு நேர" என்றார் அப்பா. அம்மா கோடிப்பக்கம் என்றா. எனக்கு மாட்டுக்கொட்டிலடி என்று நல்ல ஞாபகம். மூன்று இடத்திலும் வெட்டி ஒரு செம்பு மட்டும் கிடைத்தது. மெசின் அங்கேதான் கிடக்கிறது என்று அப்பா சாகும் வரை சொன்னார். கூம்ப் கிழவரைப் பார்க்கிறபோது எனக்கு அப்பாவின் முகம்தான் வருகிறது.

கடதாசி சொல்வதே சரி, ஞாபகம் பிழைக்கும் என்று இந்தக் கதைக்கு முடிவு எழுதலாம். ஸ்பிற்பயர் விசயத்தில் அது சரி. ஆனால் அதே மிங்கலாடோனுக்கு இன்னொரு கதை இருக்கிறது.

1931 குடிசன மதிப்பில் ரங்கூன் நகரத்தில் நாலு இலட்சம் பேர். அதில் பாதிக்கு மேல் இந்தியர். தமிழர், தெலுங்கர், வங்காளிகள், ஒடியர் என்று பலர். 1941 டிசம்பர் 23 இல் யப்பானியக் குண்டுகள் மிங்கலாடோன் தளத்திலும் நகரத்திலும் விழுந்தன. சனம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கியது. அரக்கான் மலை தாண்டிச் சிட்டகொங் பக்கம், தாமு தாண்டி மணிப்பூர் பக்கம். வெள்ளையருக்கு வசதியான பாதை, இந்தியருக்கு மற்றது என்று இந்தியத் தலைவர்கள் அப்போதே குற்றஞ்சாட்டினார்கள். நாலைந்து இலட்சம் பேர் இந்தியா போய்ச் சேர்ந்தார்கள். கொலராவிலும் பசியிலும் வழியில் செத்தவர்கள் எத்தனை பேர்? பத்தாயிரம் என்பார்கள், ஐம்பதாயிரம் என்பார்கள், அதற்கும் மேல் என்பாரும் உண்டு.

கவனியுங்கள். விமானம் 37 என்று கணக்கு உண்டு. எந்தக் கப்பலில் வந்தது என்றும் உண்டு. மனிதருக்குப் பத்தாயிரமா ஐம்பதாயிரமா என்று நாற்பதாயிரம் உயிர் வித்தியாசம்!

விமான நிலையத்தைத் தாண்டி பியே வீதியில் வடக்கே போனால் தௌக்கியான் போர்க்கல்லறை வருகிறது. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட கல்லறைகள். கல்லறை கிடைக்காத கிட்டத்தட்ட 27,000 போர்வீரரின் பெயர்களைத் தூண்களில் வெட்டியிருக்கிறார்கள். இந்திய வீரர்களின் பெயர்கள் நிறைய. நல்ல காரியம். படைக்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது, அதனால் முடிந்தது. நடந்து செத்த சனத்துக்குப் பட்டியல் இல்லை, அதனால் தூணும் இல்லை.

அவர்களைப் பற்றி மிஞ்சியதில் பெரும்பகுதி வீடுகளில் சொல்லப்பட்ட ஞாபகம்தான். அது அடி பிசகும், இடம் மாறும். எங்கள் மெசின் மாதிரி. ஆனாலும் எழுதி வையுங்கள். உங்கள் வீட்டில் பர்மாவில் இருந்தோ வன்னியில் இருந்தோ நடந்து வந்த கிழவர் யாரும் இருந்தால், பெயரையும் திகதியையும் இன்றைக்கே கேட்டு எழுதுங்கள். பிழையாகச் சொன்னாலும் பரவாயில்லை. திருத்துவதற்கும் முதலில் ஒரு கடதாசி இருக்கவேண்டும்.