70 வயதில் கட்டாய ஓய்வு... 81 வயதில் சிறந்த பயிற்சியாளர் விருது! யார் இந்த அலோன்சோ ஸ்டாக்?

'வயசாயிடுச்சு, ஓய்வெடுங்க' என்று 70 வயதில் அனுப்பி வைக்கப்பட்ட ஒருவர், 81 வயதில் அமெரிக்காவின் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் ஆனார். அவர்தான் அமோஸ் அலோன்சோ ஸ்டாக். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் தொடக்ககால கோச்.

இது நம்ம ஊர் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு, எதிரணியின் தடுப்பை உடைத்து முன்னேறும் ஆட்டம்.

பாதிரியார் ஆக நினைத்தவர்

1862-ல் நியூ ஜெர்சியில் பிறந்த ஸ்டாக், யேல் பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்தார். பிரசங்கம் தனக்குச் சரிவராது என்று நினைத்தவர், மைதானத்துக்கு வந்துவிட்டார். 1889-ல் முதல்முறையாகத் தேர்வான 'ஆல் அமெரிக்கா' அணியில் அவரும் ஒருவர்.

சிகாகோவில் 41 சீசன்

1892-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அவரை கோச்சாக மட்டுமல்ல, பேராசிரியர்களுக்கு இணையான நிரந்தரப் பணியிலும் அமர்த்தியது. அந்தக் காலத்தில் இது ரொம்பவே புதுசு. 1905-ல், 56 ஆட்டங்களாகத் தோல்வியே காணாத மிச்சிகன் அணியை 2-0 என வீழ்த்தியது ஸ்டாக்கின் அணி.

ஏன் வெளியேற்றப்பட்டார்?

காரணம் தோல்வி மட்டுமல்ல. பல்கலைக்கழகத்தின் 70 வயது வரம்புதான். 1932 சீசனோடு பயிற்சியாளர் பொறுப்பு போனது. மைதானத்தில் நிற்காத வேறு வேலை தர பல்கலைக்கழகம் முன்வந்தும், அவர் ஏற்கவில்லை. கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் இருந்த பசிபிக் கல்லூரிக்குக் கிளம்பிவிட்டார்.

சின்னக் கல்லூரிதான். ஆனால் 1943-ல், போர்க்காலக் கடற்படைப் பயிற்சிக்காக அங்கு வந்த வீரர்களும் சேர, பெரிய பல்கலைக்கழக அணிகளையே தோற்கடித்தது. விருது தேடி வந்தது.

சிகாகோவில் என்ன ஆச்சு?

அவரை அனுப்பிய பல்கலைக்கழகம் 1939-ல் பெரிய அளவிலான ஃபுட்பாலையே கைவிட்டது. ஆளில்லாத 'ஸ்டாக் ஃபீல்டு' மைதானத்தின் கேலரிக்கு அடியில்தான், 1942 டிசம்பர் 2-ல் உலகின் முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுக்கருத் தொடர்வினை நடந்தது.

ஸ்டாக்கோ நிற்கவில்லை. 84 வயதில் பசிபிக்கை விட்டவர், அடுத்து மகனுடன் சேர்ந்து இன்னொரு கல்லூரி அணிக்குப் பயிற்சி தந்தார். முழு ஓய்வு பெற்றபோது வயது 98. 1965-ல் 102 வயதில் காலமானார்.

அவருடைய 314 வெற்றிகள் என்ற சாதனையை 1981-ல்தான் பேர் பிரையன்ட் முறியடித்தார். அந்த 314-ல், 70 வயதுக்குப் பிறகு வந்த வெற்றிகளும் உண்டு.