ஊர் முந்தி, பல்கலைக்கழகம் பிந்தி

சாவித்ரிபாய் புலே புனே பல்கலைக்கழகத்தின் முதன்மைக் கட்டடம் கணேஷ்கிண்டில் இருக்கிறது. பம்பாய் ஆளுநர் தங்குவதற்காக 1860-களில் கட்டத் தொடங்கிய மாளிகை அது. 1897 ஜூன் 22 இரவு, விக்டோரியா ராணியின் வைரவிழாக் கொண்டாட்டம் முடிந்து அங்கிருந்து குதிரை வண்டியில் திரும்பிக்கொண்டிருந்த பிளேக் அதிகாரி ராண்டைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். அவர்கள் சிஞ்ச்வட் ஊர்க்காரர்கள். பிளேக் சோதனை என்று சொல்லிப் பட்டாளத்தார் வீடு வீடாக நுழைந்து, பூஜை அறைவரை புகுந்து, ஆட்களை இழுத்துப்போனதில் எழுந்த ஆத்திரம் அது. கேட்காமல் வீட்டுக்குள் வந்து கணக்கெடுக்கும் அதிகாரத்தோடு இந்த வட்டாரத்துக்கு இருந்த பகை அப்படிப் பழையது. அதே மாளிகை 1949-இல் பல்கலைக்கழகமானது. அங்கிருந்து சிஞ்ச்வட் 15 கிலோமீட்டருக்கும் குறைவு.

அந்த அதிகாரத்துக்கு மாறாக, கல்வி ஆய்விலும் உளவியல் ஆலோசனையிலும் பல்கலைக்கழகமும் ஊரும் சேர்ந்து வேலை செய்யும் வழக்கம் மேலைநாடுகளில் படித்தவர்கள் சேரிக்குக் குடிபோனதில் தொடங்கியது. 1884-இல் லண்டனின் கிழக்குப் பகுதியில் டாயின்பி ஹால் திறந்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஏழைகளின் தெருவிலேயே தங்கி வேலை செய்தார்கள். அதைப் பார்த்துவந்த ஜேன் ஆடம்ஸ் 1889-இல் சிகாகோவில் ஹல் ஹவுஸைத் தொடங்கினார். 1896-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர், எழுத்துக்கூட்டத் திணறிய ஒரு பையனை முன்வைத்து முதல் உளவியல் மருத்துவகத்தை நடத்தினார்.

இந்தியாவில் இந்த வழி பம்பாயில் வந்து இறங்கியது. கிளிஃபர்டு மான்ஷார்ட் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1926-இல் நாக்பாடாவில் ஓர் அக்கம்பக்க இல்லத்தைத் தொடங்கினார். ஆலைத் தொழிலாளரும் துறைமுகக் கூலிகளும் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. 1936-இல் சர் தோராப்ஜி டாடா சமூகப்பணிப் பட்டப்பள்ளி அந்த இல்லத்திலேயே பிறந்தது. இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம் அதுதான். அடுத்த ஆண்டே அது குழந்தை வழிகாட்டு மருத்துவகம் ஒன்றைத் திறந்தது. பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளை, திருடும் பிள்ளை, திக்கும் பிள்ளை எனத் தாய்மார் அழைத்துவந்த குழந்தைகளை மருத்துவரும் உளவியலாளரும் சமூகப்பணியாளரும் சேர்ந்து பார்த்தார்கள். மாணவர்களுக்கு அதுவே பாடம், ஆசிரியர்களுக்கு அதுவே ஆய்வு. நாட்டில் இவ்வகையில் முதலாவது அது.

புனேயில் வரிசை மாறி நடந்தது. அங்கே பல்கலைக்கழகம் ஊருக்குப் போகவில்லை. ஊரில் யாரோ ஒருவர் ஒன்றைத் தொடங்கி, அது வளர்ந்து நிலைத்த பிறகே பல்கலைக்கழகம் வந்து சேர்ந்தது. இந்த வரிசைக்கு முதல் சாட்சி தோண்டோ கேசவ் கர்வே. ஃபெர்குசன் கல்லூரியில் கணிதம் கற்பித்த அவர் 1896-இல் விதவைகளுக்கான இல்லம் நடத்த ஒரு சங்கம் அமைத்தார். ஊருக்குள் இடம் கொடுக்கப் பலர் தயங்கினார்கள். 1900-இல் ஹிங்கணே என்ற சிற்றூரில் ராவ்பகதூர் கோகலே தந்த 6 ஏக்கரில் ஒரு குடிசை எழுந்தது. பகலில் கல்லூரி வகுப்பு முடிந்ததும் கர்வே ஹிங்கணேக்கு நடந்தே போவார், அங்குள்ள பெண்களுக்குப் பாடம் சொல்வார். 1907-இல் மகளிர் பள்ளி, 1916-இல் மகளிர் பல்கலைக்கழகம். ஜப்பானில் பெண்களுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது என்று ஒரு சிறு வெளியீட்டில் படித்தது அவருக்குத் தூண்டுகோல். தாய்மொழியில் பட்டப்படிப்பு, பாடத்தில் குழந்தை வளர்ப்பும் உளவியலும் என்ற அந்த ஏற்பாட்டை அரசு நெடுங்காலம் பட்டமாகவே மதிக்கவில்லை. சட்டப்படியான தகுதி கிடைத்தது 1951-இல். முப்பத்தைந்து ஆண்டுகள் அங்கீகாரம் இல்லாமல் ஒரு பல்கலைக்கழகம் ஓடியது என்றால், அதைத் தாங்கியவை பெற்றோரும் நன்கொடையாளரும் கொடுத்த ரூபாய்கள்தான்.

விடுதலைக்குப் பிறகு பள்ளிகளில் வழிகாட்டுதல் என்ற பேச்சு தில்லியிலிருந்து வந்தது. மெட்ராஸ் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு 1953-இல் அறிக்கை தந்தது. பள்ளிகளில் வழிகாட்டு அலுவலர்களும் தொழில் ஆலோசனை ஆசிரியர்களும் வேண்டும் என்றது. 1954-இல் மத்திய வழிகாட்டு அலுவலகம் வந்தது. பின்னர் வந்த கோத்தாரி கல்விக் குழு 1966-இல் ஒரு படி மேலே போய், வழிகாட்டுதல் தொடக்கப்பள்ளியிலிருந்தே வேண்டும் என்று எழுதியது. காகிதத்தில் எல்லாம் இருந்தது. பெரும்பாலான பள்ளிகளில் இந்தப் பொறுப்பு, ஏற்கெனவே ஆறு பிரிவேளை எடுத்துக் களைத்த ஓர் ஆசிரியரின் தலையில் ஏழாவதாக ஏறியது.

கோத்தாரி குழுவின் உறுப்பினர் செயலர் ஜே. பி. நாயக். கொல்லாப்பூர் மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்தவர். விடுதலைப் போராட்டச் சிறைவாசம் முடிந்து 1930-களில் தார்வாட் பகுதியின் உப்பின் பெட்டகேரியில் ஊர்ப்பணி செய்தவர். பிறகு கார்கோட்டியில் மௌனி வித்யாபீடம் வளரக் காரணமானவர். 1948-இல் அவர் பம்பாயில் தொடங்கிய இந்தியக் கல்வி நிறுவனம் 1976-இல் புனேயின் கோத்ரூட்டுக்கு இடம்பெயர்ந்தது. கர்வேயின் ஹிங்கணே அங்கிருந்து கூப்பிடு தூரம். இந்நிறுவனம் புனே பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பட்டங்களுக்கு மாணவர்களைத் தயார்செய்தது, ஆனால் ஆய்வுக்கான கேள்வி கிராமத்திலிருந்து வரவேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தது. நாயக்கின் மனைவி சித்ரா நாயக் மகாராஷ்டிரக் கல்வித்துறையின் உயர்பதவிகளில் இருந்தவர். புள்ளிவிவரம் எப்படித் தயாராகிறது என்பது அவருக்கு உள்ளிருந்தே தெரியும்.

1979-இல் சித்ரா நாயக் தலைமையில் புனே மாவட்டக் கிராமங்களில் தொடங்கிய செயல்வழி ஆய்வு இந்த வரலாற்றின் நடுநாயகம். பள்ளியில் சேர்ந்து விலகியவர்கள், சேராமலே போனவர்கள் என 9 வயது முதல் 14 வயதுவரையான பிள்ளைகள் அதன் இலக்கு. அவர்களில் பெரும்பாலோர் பெண் குழந்தைகள். பகலில் ஆடு மேய்ப்பது, தண்ணீர் சுமப்பது, தம்பியைத் தூக்கிக்கொண்டு திரிவது என்று கைநிறைய வேலை உள்ளவர்கள். பத்து மணிக்கு மணி அடிக்கும் பள்ளி அவர்களுக்கு உதவாது. எனவே வகுப்பு எப்போது, எங்கே, யார் நடத்துவது என்பதை ஊரே கூடி முடிவுசெய்தது. பெரும்பாலும் இரவு ஏழு மணிக்குமேல், கோயில் மண்டபத்திலோ யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ, இரண்டு மணி நேரம். கற்பித்தவர் அந்த ஊர்க்காரரே. சில இடங்களில் பள்ளி இறுதிவரை மட்டும் படித்தவர். அரிக்கேன் விளக்கைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார, பக்கத்தில் தூங்கும் தம்பியின் தலை அக்காள் மடியில் இருக்க, பாடம் நடக்கும். மழைக்காலத்தில் நடவு நடக்கும் நாட்களில் விடுமுறை. அதையும் ஊர்தான் சொல்லும்.

தேர்வை அவர்கள் மாற்றியமைத்த விதம் இன்னும் சுவையானது. பல ஊர்ப் பிள்ளைகள் ஓரிடத்தில் கூடும் 'பால் ஜத்ரா' என்ற குழந்தைகள் திருவிழாவில் தேர்வு நடந்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் கேள்வி கேட்டார்கள், கணக்குப் போட்டுக் காட்டினார்கள், படித்துக் காட்டினார்கள், பாட்டும் விளையாட்டும் இடையிடையே வந்தன. பெற்றோரும் ஊர்ப் பெரியவர்களும் சுற்றிநின்று பார்த்தார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் தன் மகளைக் கூட்டத்தின் நடுவில் பார்த்த தந்தைக்கு மதிப்பெண் பட்டியல் தேவைப்படவில்லை. ஆய்வாளர்களுக்கோ, எந்தப் பாடநூல் பகுதி கற்க எளிது, எங்கே பிள்ளைகள் தடுக்கினார்கள் என்ற விவரமெல்லாம் அங்கேயே கிடைத்தது. பின்னர் யுனிசெஃப் உதவியோடு இத்திட்டம் 'ப்ரோபெல்' என்ற பெயரில் விரிந்தது. கிராமக் கல்விக் குழுக்கள் என்ற எண்ணம் பிற்காலத் தேசியத் திட்டங்களில் இடம்பெற்றபோது, இப்படிப்பட்ட களங்களின் அனுபவம் அதன் பின்னணியில் இருந்தது. அரசுத் திட்டமானதும் குழு பல ஊர்களில் கையெழுத்துப் போடும் குழுவாகச் சுருங்கிப்போனது வேறு கதை.

சிஞ்ச்வட்டின் முகம் இதற்குள் மாறிவிட்டிருந்தது. கணபதி அடியாரான மோர்யா கோசாவியின் சமாதிக் கோயிலும் பவனா ஆற்றுப் படித்துறையுமாக இருந்த ஊருக்குப் பக்கத்தில், பிம்ப்ரியில், 1954-இல் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் பெனிசிலின் தொழிற்சாலை வந்தது. 1960-களில் டாடா, பஜாஜ் முதலான பெரிய ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. 1970-இல் பிம்ப்ரி-சிஞ்ச்வட் நகராட்சி, 1972-இல் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக நவநகர் மேம்பாட்டு ஆணையம், மக்கள் வாயில் 'பிராதிகரண்', 1982-இல் மாநகராட்சி. மராத்வாடாவிலிருந்தும் விதர்பாவிலிருந்தும் தெற்கிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள், வீட்டில் முதன்முதலாகப் பள்ளி இறுதியைத் தொட்டவர்கள். 'பத்தாவது முடித்தால் என்ன படிப்பது' என்ற கேள்விக்கு அப்பாவிடமும் பதில் இல்லை, அண்டை வீட்டாரிடமும் இல்லை. தொழில் ஆலோசனை என்ற துறை இங்கே வேரூன்றியதற்கு இதுவே காரணம்.

அந்த வேர் புனே சதாசிவ் பேட்டில் இருந்தது. விநாயக் விஸ்வநாத் பெண்ட்சே, எல்லாருக்கும் 'அப்பா பெண்ட்சே', 1962-இல் ஞானபிரபோதினியைத் தொடங்கினார். கூர்த்த அறிவுள்ள பிள்ளைகளைக் கண்டுபிடித்து, அவர்களை நாட்டுப்பணிக்கு ஆளாக்குவது அவர் எண்ணம். முதலில் பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் வகுப்புகள்; 1969-இல் தனிப் பள்ளி. பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கச் சோதனை வேண்டும், மராத்தியில் அதுவும் சரியாக அளவிட்ட சோதனை வேண்டும். அமெரிக்க உளவியலாளர் கில்ஃபர்டு அறிவை ஒற்றை எண்ணாகப் பார்க்காமல் நூற்றுக்கு மேற்பட்ட திறன்களாகப் பகுத்திருந்தார். பிரபோதினியின் உளவியல் பிரிவு அந்த அமைப்பை எடுத்துக்கொண்டு, மராத்திப் பிள்ளைகளுக்கான சோதனைகளை ஆண்டுக்கணக்கில் உருவாக்கியது. உஷா கிரே இப்பணியின் முக்கிய ஆய்வாளர். இப்பிரிவு பிற்காலத்தில் புனே பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் பெற்ற ஆய்வு மையமானது. இங்கும் பல்கலைக்கழகம் பிந்தித்தான் வந்தது.

அறிவுச் சோதனையால் பிள்ளைகளைப் பொறுக்கியெடுப்பது எளிதில் ஏற்கக்கூடிய கொள்கை அல்ல. வீட்டில் புத்தக அலமாரி உள்ள பிள்ளைக்குச் சொற்சோதனை கைவந்த கலை. அதில் ஒரு பங்கு அலமாரிக்குச் சேர வேண்டியது. பிரபோதினி இந்தக் குறையைச் சொல்லால் மறுத்ததைவிடச் செயலால் ஈடுசெய்ய முயன்றது எனலாம். பள்ளி நகரத்தோடு நின்றுவிடவில்லை; கிராமங்களுக்கும், சிஞ்ச்வட்டை ஒட்டிய நிக்டியின் பிராதிகரணுக்கும் பரவியது. அங்கே வந்தவர்கள் ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். சோதனையின் வேலையும் அதனால் மாறியது. யாரை உள்ளே விடுவது என்று கேட்ட கருவி, உள்ளே வந்த பிள்ளைக்கு எந்த வழி ஒத்துவரும் என்று கேட்கத் தொடங்கியது. கட்டைகளை அடுக்கிப் படத்தை நிறைவுசெய்யும் சோதனையில் வேகமாக முடித்த பையனின் அப்பா லேத் பட்டறையில் வேலை செய்பவராக இருப்பது அங்கே அபூர்வம் அல்ல. 'இவனுக்கு மொழிப்பாடம் வராது' என்று மட்டும் கேட்டுப் பழகிய பெற்றோருக்கு, அவன் கை பேசும் அறிவைக் காட்டுவது ஆலோசகரின் வேலையானது.

ஆலோசகர் இல்லாத சோதனையும் நடந்தது. மகாராஷ்டிர அரசு 2016 முதல் சில ஆண்டுகள் மாநிலம் முழுவதும் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு 'கல் சாசணி' என்ற நாட்டச் சோதனையை நடத்தியது. எண்ணிக்கை லட்சங்களில் இருந்தது. முடிவுத்தாள் கையில் வந்தது, ஆனால் அதை விளக்கிச்சொல்ல எதிரில் உட்காரும் ஆள் பெரும்பாலான ஊர்களில் இல்லை.

மனநல ஆலோசனையில் புனேயின் பெயர் சொல்லும் நிறுவனம் முக்தாங்கண். போதை மீட்புக்காக எழுத்தாளர் அனில் அவசட்டும் மனநல மருத்துவர் அனிதா அவசட்டும் 1986-இல் எரவாடா மனநல மருத்துவமனை வளாகத்தில் அதைத் தொடங்கினார்கள்; எழுத்தாளர் பு. ல. தேஷ்பாண்டே நிதி கொடுத்தார்.

பல்கலைக்கழகங்கள் தாமாக ஊரை நோக்கித் திரும்பிய முயற்சிகளும் உண்டு. 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. 1977-இல் பல்கலைக்கழக மானியக் குழு, கற்பித்தல், ஆய்வு ஆகியவற்றோடு விரிவாக்கப் பணியையும் மூன்றாவது கடமையாக அறிவித்தது. நடைமுறையில் ஊருக்கு வந்தவை பெரும்பாலும் வினாத்தாள்கள். கல்வியியல் பட்ட மாணவர் ஐம்பது தாளோடு பள்ளிக்கு வருவார், ஒரு பிரிவேளையில் நிரப்பி வாங்கிப் போவார், ஆய்வேடு நூலகத்தில் அடுக்கில் ஏறும். என்ன தெரிந்தது என்று அந்தப் பள்ளிக்கு யாரும் திரும்ப வந்து சொல்வதில்லை. ஆய்வில் கலந்துகொள்ள ஒப்புதல், அந்தரங்கம் காத்தல், முடிவைத் திருப்பித் தருதல் என்ற விதிகள் இன்று நெறிக்குழு விண்ணப்பங்களில் உள்ளன. சித்ரா நாயக்கின் பால் ஜத்ராவில் இவை எழுதப்படாத விதிகளாகவே நடந்தன.

சாபேகர்களின் பெயரில் அமைந்த நினைவுக் குழுவின் ஆதரவில் சிஞ்ச்வட்டில் ஒரு குருகுலம் நடக்கிறது. 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற கிரீஷ் பிரபுணே இதன் பின்னணியில் இருப்பவர். பார்தி முதலான நாடோடிச் சமூகங்களின் பிள்ளைகள் அங்கே தங்கிப் படிக்கிறார்கள். 1871-இல் தொடங்கிய குற்றப்பரம்பரைச் சட்டங்கள் பிறவிக் குற்றவாளிகள் என்று பதிவுசெய்த மக்கள் அவர்கள். 1952-இல் சட்டம் நீங்கியும் காவல் நிலையத்தின் சந்தேகம் முழுதாக நீங்கவில்லை. பள்ளிப் பாடத்தோடு, அந்தந்தச் சமூகத்தின் கைத்தொழிலும் மூலிகை அறிவும் அங்கே பாடமாகின்றன. பார்தி வீடுகளில் பேசும் மொழி மராத்தி அல்ல, குஜராத்திக்கு நெருங்கியது. எனவே மராத்திப் பிள்ளைகளை வைத்து அளவிட்ட சொற்சோதனை இங்கே பொருந்தாது. சொல் சேராத படச் சோதனையும், பிள்ளையின் கூடாரத்துக்கே போய்த் தாயோடும் பாட்டியோடும் உட்கார்ந்து பேசுவதுமே ஆலோசகருக்கு உள்ள வழிகள்.