கடைக்குக் காவல் எது?

கரமனை ஆற்றைக் கடந்து கிழக்குக் கோட்டையை நோக்கிச் செல்வோர் சாலைக் கடைத்தெருவைக் காண்பர். திருவிதாங்கூர்த் திவான் இராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்த இவ்வங்காடியில் நம் தமிழ் வணிகரும் வழிவழியாகக் கடை நடத்தி வந்துள்ளனர். வாங்குவோர் வெளியே நிற்பர்; கடைக்காரர் சரக்கை எடுத்து நிறுத்துக் கொடுப்பார். அவ்வொழுங்கே சரக்குக்குக் காவலாயிற்று.

களவு பற்றிய கவலை நமக்குப் புதிதன்று. புகார் நகரத்து வெள்ளிடை மன்றத்தில் பெயரும் அளவும் பொறித்த பொதிகள் கதவும் காவலருமின்றிக் கிடந்தன என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. திருடியவன் அப்பொதியையே கழுத்து நோகச் சுமந்து திரிய நேருமாம். ஆகவே களவை நினைக்கவே மக்கள் நடுங்கினர்.

1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில், வாங்குவோர் தாமே பொருளை எடுத்துக்கொள்ளும் கடையைக் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் திறந்தார். அம்முறை உலகெங்கும் பரவிற்று. கடைக்காரரின் கண் இருந்த இடத்தில் இன்று காமிரா இருக்கிறது. கரமனையிலும் அதுவே நிலை.

ஆயினும் காமிரா ஐயத்தையே எழுப்பும், தீர்ப்பு வழங்காது. மொழியறியாத ஊரில் ஐயத்திற்கு ஆளாகும் ஏழைத் தொழிலாளியின் நிலையை, அயல் மாநிலத்தில் வாழும் நாம் நன்கு உணர்வோம். அவரை அடிக்கவோ அவமதிக்கவோ எவருக்கும் உரிமையில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 303ஆம் பிரிவின்படி, 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடி முதன்முறை தண்டனை பெறுபவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்தால், அவருக்குச் சமூக சேவையே தண்டனை. புகாரில் அச்சம் காத்த பொருளை இன்று நீதியும் இரக்கமும் கலந்த சட்டம் காக்கட்டும்.